பழைய ஜிப்சி சேசிஸில் தோப்புக்கு ஒரு டிரெய்லர்: என்ன மிஞ்சும், எதைப் புதிதாகச் செய்ய வேண்டும்?

தேவகோட்டைக்குப் பக்கத்தில் வேலியடைத்த தென்னந்தோப்பு ஒன்று இருப்பதாகவும், காயலான் கடையில் ஒரு மாருதி ஜிப்சியின் சேசிஸ் பின் அச்சு, ஸ்பிரிங் பட்டைகள், சக்கரங்களோடு விலைக்கு வந்திருப்பதாகவும், அதை வெட்டி டிரெய்லராக்கி உங்கள் பழைய மகிந்திரா மேஜர் ஜீப்பில் கட்டி இழுத்து, 500 லிட்டர் தண்ணீர்த் தொட்டியும் வேலிக்கான கல்தூண்களும் கொண்டு போக முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். தோப்புக்குள் செம்புறாங்கல் பாறை மேடும் கண்மாய்க்குப் போகும் இரண்டு வரத்துக்கால்களும் குறுக்கிடுவதாகச் சொன்னது பதிலை வெகுவாக மாற்றுகிறது. முடியும், ஆனால் 500 லிட்டர் வேண்டாம். இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்: பழைய சேசிஸ் வாங்குவதால் மிச்சமாவது இரும்பின் விலை அன்று. அச்சு, சக்கரம் பூட்டும் ஹப், பிரேக் டிரம், பட்டை, அவை பூட்டப்படும் தாங்கிகள் ஆகிய அனைத்தும் தொழிற்சாலை அளவெடுத்து ஒன்றோடொன்று நேராகப் பொருத்திய நிலையில் உங்கள் கைக்கு வருகின்றன என்பதே அதன் மதிப்பு. அந்தப் பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதைத் தயங்காமல் வெட்டி எறியத் துணிந்தால்தான் டிரெய்லர் உருப்படியாக வரும்.

வாங்குவதற்கு முன்பு பார்க்க வேண்டியவற்றில் முதலாவது காகிதம். வண்டி ஓடாத நிலைக்கு வந்துவிட்டால் பதிவை ரத்து செய்ய உரிமையாளர் தகவல் தர வேண்டும் என்று 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 55ஆவது பிரிவு கூறுகிறது. ஆகவே ரத்துச் சான்றின் நகலும் விற்பனை ரசீதும் இல்லாமல் சேசிஸ் எண் பொறித்த எந்த இரும்பையும் வீட்டுக்குக் கொண்டு வராதீர்கள். திருட்டு வண்டியின் சேசிஸாக இருந்தால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதே சட்டத்தின்படி டிரெய்லரும் ஒரு மோட்டார் வாகனமே. 39ஆவது பிரிவு பொது இடத்தில் மட்டுமல்லாமல் வேறெந்த இடத்திலும் பதிவில்லாத வாகனத்தை ஓட்டக்கூடாது என்கிறது. தொழிற்சாலையிலோ அடைக்கப்பட்ட வளாகத்திலோ மட்டும் பயன்படுத்துவதற்கென்றே அமைந்த சிறப்பு வகை வாகனம் மட்டும் 2(28) பிரிவின் வரையறையால் இதிலிருந்து விலகி நிற்கிறது. பட்டறையில் கட்டிய டிரெய்லரைச் சாலைக்குப் பதிவு செய்வது எளிதன்று, ஏனெனில் மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126ஆவது விதி முன்மாதிரியை அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிறுவனத்தில் சோதிக்கக் கேட்கிறது. எனவே வேலிக்குள்ளேயே நிற்கும், வேலிக்குள்ளேயே ஓடும் கருவியாக இதை நினைத்துக் கட்டுங்கள். அப்போதும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது. கண்மாய்க் கரைப் பாதையில் ஊரார் நடக்கிறார்கள் என்றால் அதுவும் பொது இடமே. தார்ச் சாலையில் இழுத்தே ஆக வேண்டும் என்றால் அங்கீகாரம் பெற்ற டிரெய்லரை விலைக்கு வாங்குவதைத் தவிர வேறு வழியை நான் சொல்ல மாட்டேன்.

அடுத்தது துரு. ஜிப்சியின் சேசிஸ் ஏணி வடிவம் கொண்டது. பழைய ஜீப்புகளில் பெரும்பகுதி ஒரு பக்கம் திறந்த சேனலாக இருப்பதற்கு மாறாக, இதன் நீளச் சட்டங்கள் நான்கு பக்கமும் மூடிய பெட்டி வடிவில் இருக்கும். பெட்டிச் சட்டம் முறுக்கத்தை நன்றாகத் தாங்கும். அதே சமயம் உள்ளே புகுந்த சேறு வெளியே வர வழியில்லாமல் அங்கேயே ஊறிக் கிடக்கும். வெளியே புதுப் பெயின்ட் பளபளக்க, உள்ளே தகடு காகிதம் போல ஆகியிருக்கக் கூடும். சட்டத்தின் அடியிலுள்ள வடிகால் துளைகளில் குழாயை விட்டுத் தண்ணீரைப் பீய்ச்சினால், வெறும் செம்மண் கரைந்து வருகிறதா, கூடவே துருச் செதில் செதிலாக உதிர்கிறதா என்று தெரிந்துவிடும். பிறகு சிறு சுத்தியலால் அச்சுக்கு மேலே வளைந்து ஏறும் பகுதியையும் பட்டைத் தாங்கிகளின் சுற்றையும் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல தகடு கணீரென்று ஒலிக்கும், அரித்த இடம் மொத்தென்று ஒலிக்கும். அங்கே திருப்புளி முனையை அழுத்தினால் உள்ளே இறங்குகிறது என்றால் பேரத்தை அத்தோடு முடித்துக்கொள்ளலாம். வண்டி முன்பு எங்கே ஓடியது என்பதையும் விசாரியுங்கள். தொண்டி, மீமிசல் பக்கம் மீன் பெட்டி ஏற்றிய வண்டி என்றால், ஐஸ் உருகி வழியும் உப்புத் தண்ணீர் சேசிஸின் மேல்தான் சொட்டியிருக்கும். நம் பக்கத்து வறண்ட செம்மண்ணில் பல ஆண்டுகள் கிடந்த சேசிஸைவிட அது மோசமாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

விரிசலைக் கண்டுபிடிக்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. பெயின்ட்டைக் கம்பித் தூரிகையால் நீக்கி, மண்ணெண்ணெயைத் தாராளமாகத் தடவி, சிறிது நேரம் ஊறவிட்டு, துணியால் முழுவதும் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் சாக்குக்கட்டித் தூளை மெல்லிய படலமாகப் பூசுங்கள். விரிசல் இருந்தால் அதற்குள் ஒளிந்திருந்த எண்ணெய் மெல்லக் கசிந்து, வெள்ளைத் தூளின் மேல் மயிரிழை போன்ற கருங்கோடு எழும். பட்டைத் தாங்கி சட்டத்தோடு சேரும் மூலைகளிலும் குறுக்குச் சட்டம் பற்றவைக்கப்பட்ட முனைகளிலும் இதைச் செய்தால் போதும். கடைசியாக இரண்டு மூலைவிட்டங்களையும் நாடாவால் அளந்து ஒப்பிடுங்கள். விபத்தில் அடிபட்ட சேசிஸ் இதில் மறைக்க முடியாமல் வெளிப்பட்டுவிடும்.

அச்சைப் பற்றிப் பட்டறைகளில் ஒரு யோசனை சொல்வார்கள்: அச்சின் நடுவிலுள்ள பல்சக்கரத் தொகுதியான டிஃப்ரென்ஷியல் வெறும் பாரம்தானே, அதைக் கழற்றிவிட்டால் எடை குறையுமே என்று. இதை ஏற்காதீர்கள். ஜிப்சி போன்ற இலகு வண்டிகளில் சக்கரம் நேராக அச்சுத் தண்டின் மீதே பூட்டப்பட்டிருக்கிறது. தண்டின் வெளிமுனையை பேரிங்கும் உள்முனையை டிஃப்ரென்ஷியலும் தாங்குகின்றன. உள்ளிருப்பதை எடுத்துவிட்டால் தண்டு ஒற்றை பேரிங்கில் ஆடும். லாரி அச்சுகள் பலவற்றில் ஹப் தனியாகக் குழாயின் மீது உட்கார்ந்திருப்பதால் அங்கே தண்டை உருவிவிட முடியும். அந்தப் பழக்கத்தில்தான் இங்கும் அப்படிச் சொல்கிறார்கள். முன்னாலிருந்து சுழற்சியைக் கொண்டுவரும் புரொப்பல்லர் ஷாஃப்டை மட்டும் கழற்றி, அது பூட்டியிருந்த பினியன் முனையைத் தண்ணீர் புகாத மூடியால் அடைத்து, கியர் ஆயிலை மாற்றி, சீல்களைப் புதுப்பித்து அப்படியே விட்டுவிடுங்கள். டிஃப்ரென்ஷியல் குடம் தாழ்வாகத் தொங்குகிறதே என்ற கவலையும் பெரிதாக வேண்டாம். இழுக்கும் ஜீப்புக்கும் அதே போன்ற குடம் இருப்பதால், ஜீப் தாண்டும் பாறையைப் பெரும்பாலும் டிரெய்லரும் தாண்டும்.

சக்கரத்தில்தான் உங்களுக்கு உண்மையான ஆதாயம். உங்கள் மேஜரைப் போல அமெரிக்க வில்லிஸ் ஜீப்பின் வழிவந்த வண்டிகளுக்கும் ஜிப்சிக்கும் ஐந்து போல்ட், 139.7 மி.மீ. வட்டம், அதாவது ஐந்தரை அங்குலம். இருந்தாலும் நடுத்துளையின் விட்டம் வண்டிக்கு வண்டி மாறக்கூடும் என்பதால், மேஜரின் ஸ்பேர் சக்கரத்தை ஜிப்சி ஹப்பில் ஒரு முறை மாட்டிப் பார்த்துவிட்டே காசு கொடுங்கள். சீமைக்கருவேல முள் நிறைந்த இடத்தில் ஒரே ஸ்பேர் இரண்டுக்கும் பொருந்துவது எவ்வளவு பெரிய வசதி என்று நான் விளக்க வேண்டியதில்லை. இரண்டாம் உலகப் போரில் ஜீப்போடு போன கால் டன் டிரெய்லர்களுக்கு ஜீப்பின் சக்கரத்தையும் டயரையுமே போட்டதும் இந்தக் காரணத்தால்தான். டயர் உயரத்தையும் ஒன்றாக்கிக்கொள்ளுங்கள். இரண்டு வண்டிகளின் சக்கர இடைவெளியையும் அளந்து பாருங்கள். ஓரிரு அங்குலம் வித்தியாசப்பட்டால் சமாளிக்கலாம், அதற்கு மேல் போனால் மழைக்காலக் கரம்பை மண்ணில் டிரெய்லர் தனக்கென்று தனித் தடம் வெட்டிக்கொண்டு ஜீப்பைப் பின்னுக்கு இழுக்கும்.

இனி வெட்டுவது. பின் பட்டையின் முன் தாங்கிக்கு முன்னால் குறைந்தது ஓர் அடி சட்டத்தை மிச்சம் வைத்து வெட்டுங்கள். தாங்கியை ஒட்டி வெட்டிவிட்டுப் புது இரும்பை முனையோடு முனை வைத்துப் பற்றவைப்பதுதான் நான் பார்த்த டிரெய்லர்கள் பலவற்றின் முறிவுக்குக் காரணம். வளைவு விசை மிக அதிகமாக வரும் இடத்திலேயே பற்று விழுகிறது. 75 மி.மீ. சேனல் இரண்டை முக்கோணமான இழுவைச் சட்டமாக்கி, அவற்றின் கால்கள் பழைய நீளச் சட்டங்களின் அடியில் ஓடி, முன் தாங்கியைத் தாண்டி ஒரு குறுக்குச் சட்டம் வரை செல்லும்படி அமையுங்கள். இந்தச் சேனல் மீட்டருக்குச் சுமார் 7 கிலோ. இரண்டு காலும் சேர்ந்து 35 கிலோவைத் தாண்டாது. ஒவ்வொரு காலும் இரண்டு இடங்களில் பிடிக்கப்பட வேண்டும். பெட்டிச் சட்டத்தின் தகடு மெல்லியது என்பதால் சேனலை நேராக அதில் பற்றவைக்காமல், இடையே சாய்சதுரமாக வெட்டிய தகட்டை வைத்து, பற்றைச் சட்டத்தின் நீளவாக்கில் ஓட்டுங்கள். சட்டத்தின் மேல் கீழ் முகங்களில் குறுக்காக ஒரு பற்றுக்கோடுகூட விழக் கூடாது, அங்கே துளையும் போடக் கூடாது; இழுவையும் அழுத்தமும் அந்த முகங்களில்தான் குவிகின்றன.

பட்டறையில் எப்போதும் கையிலிருக்கும் 6013 வெல்டிங் ராட், பெட்டி கட்டப் போதும். இழுவைச் சட்டத்துக்கும் தாங்கிகளுக்கும் 7018 கேளுங்கள், அதுவும் ஈரம் வாங்காமல் சூடேற்றி உலர்த்திய ராடாக இருக்க வேண்டும். திறந்து போட்ட பெட்டியில் மாதக்கணக்கில் கிடந்த 7018 ராட் அதன் பெயருக்குரிய பலனைத் தராது. பற்றைச் சிறு சிறு துண்டாக, இடமும் வலமும் மாற்றி மாற்றிப் போடச் சொல்லுங்கள். ஒரே பக்கம் ஓட்டிக்கொண்டே போனால் சட்டம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும். முழுப் பற்றுக்கு முன், ஜீப்பில் மாட்டும் இணைப்பு வளையத்தின் மையத்திலிருந்து இரண்டு ஹப்களின் மையத்துக்கும் உள்ள தூரத்தை இறுக்கிப் பிடித்த கம்பியால் அளந்து, வித்தியாசம் 3 மி.மீ.க்குள் இருக்கும்படி திருத்துங்கள். இந்த ஓர் அளவைத் தவறவிட்டால் டிரெய்லர் எப்போதும் ஒரு பக்கமாகவே சாய்ந்து வரும், டயரும் ஒருபக்கம் தேயும்.

இப்போது தண்ணீருக்கு வருகிறேன். சக்கரம், அச்சு, வெட்டிய சேசிஸ், இழுவைச் சட்டம், பெட்டி எல்லாம் சேர்ந்து வெற்று டிரெய்லர் 300 கிலோ அளவுக்கு வரும். 500 லிட்டர் தண்ணீர் என்பது 500 கிலோ. மொத்தம் 800 கிலோ. ஐரோப்பிய நாடுகளில் 750 கிலோவைத் தாண்டும் டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம் என்பதை ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டால், வரத்துக்காலின் சரிவில் இறங்கும் ஜீப்பைப் பின்னாலிருந்து 800 கிலோ தள்ளுவது எத்தகையது என்று புரியும். இதற்கு மேல், தண்ணீர் அசையும் பாரம். பாதி நிரம்பிய தொட்டி நிரம்பிய தொட்டியைவிட ஆபத்தானது, ஏனெனில் சரியும்போது தண்ணீர் முழுவதும் தாழ்ந்த பக்கத்துக்கு ஓடிக் கவிழ்ப்பதற்கு உதவி செய்யும். ஆகவே 300 லிட்டர் தொட்டியாக, அகலமாகவும் தாழ்வாகவும், உள்ளே தடுப்புத் தகடுகள் உள்ளதாகப் பார்த்து வாங்கி, நிரப்பியோ வெறுமையாகவோ மட்டும் ஓட்டுங்கள். கல்தூண்களையும் அதே 300 கிலோவுக்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். நீளமாக இருக்கிறதே என்று அவற்றைப் பின்னால் நீட்டிக்கொண்டு ஏற்றுவது கூடவே கூடாது.

ஏன் கூடாது என்பதுதான் டிரெய்லர் கட்டுவதில் எல்லாவற்றையும்விட முக்கியமான கணக்கு. மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு இணைப்பு வளையத்தின் மீது கீழ்நோக்கி அழுத்த வேண்டும். மொத்தம் 600 கிலோ என்றால் 60 கிலோ. வளையத்திலிருந்து அச்சு வரை 2.4 மீட்டர் வைத்தால், ஏற்றிய டிரெய்லரின் எடை மையம் அச்சுக்கு 24 செ.மீ. முன்னால் விழ வேண்டும். எடை பின்னுக்குப் போனால் மூக்கு, அதாவது வளையம் உள்ள முன் முனை, இலேசாகி, சற்று வேகம் எடுத்தாலும் டிரெய்லர் வாலாட்டத் தொடங்கும். ஏற்றத்தில் ஜீப்பின் பின்பக்கத்தையே தூக்கி, பின் சக்கரங்களின் பிடிப்பைக் குறைக்கும். எனவே சேசிஸைத் திட்டவட்டமாகப் பற்றவைப்பதற்கு முன்பு பெட்டியையும் தொட்டியையும் தளர்வாக மேலே வைத்து, தண்ணீரை நிரப்பி, வளையத்தை ஜீப்பில் மாட்டும் உயரத்தில் ஒரு கட்டையின் மேல் நிறுத்தி, கட்டையின் அடியில் ஆள் நிறுக்கும் எடை மெஷினை வைத்துப் பாருங்கள். 300 கிலோ தொட்டியை 10 செ.மீ. முன்னே தள்ளினால் மூக்கின் எடை 12 கிலோவுக்குச் சற்று மேல் கூடும். அந்தக் கணக்கில் தள்ளித் தள்ளி 60 கிலோவுக்குக் கொண்டுவந்து, தொட்டியின் இடத்தைக் குறித்துத் தாங்கி அடித்துவிடலாம். கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: தொட்டி வெறுமையானாலும் மூக்கு மேலே எழும்பக் கூடாது. வெறும் டிரெய்லரின் மூக்கு 20 முதல் 30 கிலோ வரை காட்டினால் நல்லது.

இணைப்பில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாலை டிரெய்லர்களுக்கு வரும் 50 மி.மீ. குண்டு இணைப்பு சமதரைக்கு உரியது. வரத்துக்காலைச் சாய்வாகக் கடக்கும்போது ஜீப் ஒருபக்கமும் டிரெய்லர் மறுபக்கமும் சாய்ந்தால், அதன் அசைவெல்லை முடிந்து நெம்புகோலாக மாறி, குண்டையே பிடுங்கக்கூடும். டிராக்டரில் டிப்பரை மாட்டும் இணைப்பு ஊசி எளிதில் கிடைக்கும், ஆனால் தளர்ச்சி அதிகம். ஒவ்வொரு குழியிலும் இடிக்கும், ஜீப்பின் பின் குறுக்குச் சட்டம் அந்த இடியைப் பல காலம் தாங்காது. ராணுவ ஜீப்புகளைப் போலக் கொக்கியும் வளையமும் வைத்து, வளையத்தின் தண்டு இழுவைச் சட்டத்துக்குள் புஷ்ஷில் சுழலும்படி லேத்தில் கடைந்துகொள்வதே என் பரிந்துரை. டிரெய்லர் கவிழ்ந்தாலும் ஜீப்பைச் சேர்த்துக் கவிழ்க்காது. தண்டை இ.என்.8 என்ற எஃகுக் கம்பியில் கடையச் சொல்லுங்கள். அதைப் பற்றவைக்காமல், வெட்டுவாய்கள் உள்ள கோட்டை நட்டும் அதன் ஊடே செருகும் கோட்டர் பின்னும் போட்டுப் பூட்டுங்கள். இந்த எஃகில் கார்பன் கூடுதல் என்பதால் முன்சூடேற்றாமல் பற்றவைத்தால் பற்றின் ஓரத்திலேயே வெடிக்கும். கிரீஸ் நிப்பிள் ஒன்றும், குறுக்காக ஓடும் இரண்டு பாதுகாப்புச் சங்கிலிகளும் கட்டாயம்.

பட்டைகளில் ஒன்றையும் முதலில் கழற்ற வேண்டாம். அவை ஒரு முழு வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கியவை; வெற்று டிரெய்லரில் அவை அசையவே மாட்டா, டிரெய்லர் துள்ளும். அதற்கு முதல் மருந்து டயர் காற்று. வெறுமையாக ஓட்டும்போது 20 பி.எஸ்.ஐ. அளவுக்கு இறக்கிப் பாருங்கள், ஷாக் அப்சார்பர்களையும் விட்டுவிடாமல் மாட்டுங்கள். நிறை பாரத்திலும் பட்டை சற்றும் தாழவில்லை என்றால் மட்டும், முதன்மைப் பட்டையையும் அதற்கடுத்ததையும் தொடாமல், கீழே உள்ளவற்றில் ஒன்றை எடுக்கலாம். எடுத்தால் கட்டின் கனம் குறையும். பட்டைக் கட்டை அச்சோடு பிணைக்கும் பழைய யூ போல்ட்டின் மரை போதாமல் போகும் என்பதால் புது யூ போல்ட்டாகவே போட்டுவிடுங்கள்.

பிரேக் டிரம்கள் ஏற்கெனவே அச்சில் இருப்பதால் நிறுத்துப் பிரேக்காகவாவது அவற்றைப் பயன்படுத்துங்கள். உங்களுக்குக் கிடைத்த அச்சில் ஹேண்ட்பிரேக் கேபிள் டிரம்முக்கு வருகிறதா என்று பாருங்கள். சில பழைய ஜீப்புகளில் அது அச்சில் இல்லாமல், கியர்பாக்ஸை ஒட்டிய டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால் தனி டிரம்மில் இருக்கும், அப்படியென்றால் டிரெய்லருக்கு உதவாது. எப்படியும் இரண்டு மரக்கட்டைகள் எப்போதும் பெட்டியில் கிடக்கட்டும்.

பெட்டிக்கு அதிகம் யோசிக்க வேண்டாம். 3 மி.மீ. தகடு சதுர மீட்டருக்கு 23 கிலோவுக்கு மேல், 1.6 மி.மீ. தகடு பன்னிரண்டரைக் கிலோ. தரைக்குக் கனமானதும் சுவருக்கு மெல்லியதும் போதும். காரைக்குடியில் பழைய வீட்டுத் தேக்குப் பலகை கிடைக்கிறதே, அதைத் தரைக்குப் போடலாமா என்று சிலர் கேட்பதுண்டு. தண்ணீர் சொட்டும் டிரெய்லருக்கு அதைப் போடுவது பாவம். தரையில் நான்கு வடிகால் துளைகள் போடுங்கள். வெட்டிய பெட்டிச் சட்டத்தின் திறந்த வாயைத் தகட்டால் மூடுவதற்கு முன்பு உள்ளே துருத் தடுப்பு மெழுகைப் பீய்ச்சிவிடுங்கள். பழைய வடிகால் துளைகளைப் பெயின்ட் அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வேலிக்குள் ஓடினாலும் பின்னால் சிவப்புப் பிரதிபலிப்பான் இரண்டும் ஒரு விளக்கும் இருக்கட்டும். விளக்குக்கு எர்த் கம்பியைத் தனியாக இழுங்கள், கிரீஸ் பூசிய கொக்கி மின்சாரத்தைக் கடத்தும் என்று நம்ப வேண்டாம்.

முதல் ஓட்டத்தைக் கோடையில், காய்ந்த தரையில், பாதித் தூண் பாரத்தோடு வைத்துக்கொள்ளுங்கள். வரத்துக்காலைக் குறுக்கே சாய்வாக மெல்லக் கடக்கச் செய்து, உடன் வருபவரை இறங்கி நின்று கொக்கியையும், முழுத் திருப்பத்தில் பெட்டியின் முன் மூலை ஜீப்பின் பம்பரை நெருங்குகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். தோப்பை ஒரு சுற்று சுற்றி வந்ததும் ஹப்களைத் தொட்டுப் பார்த்து, யூ போல்ட் நட்டுகள் அனைத்தையும் மறுபடி முறுக்குங்கள். அதன் பிறகு சாக்குக்கட்டிச் சோதனையைப் புதுப் பற்றுகளின் மீதும் ஒரு முறை செய்துவிட்டுத் தண்ணீர் ஏற்றத் தொடங்கலாம்.